பிரதான பாத்திரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன்னர் புத்தளத்தில் நடைபெற்ற சிறுகதைப் பயிற்சிப் பட்டறையொன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வளவாளராக வந்திருந்தவர் பெயர் பெற்ற எழுத்தாளர். பெயர் இங்கு தேவையில்லை. அன்று அவர் சொன்னதை நம்மில் முக்கால்வாசிப் பேர் எங்காவது ஒரு மேடையில் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பட்டறையில் ஒரு சகோதரி தனது கதையை வாசித்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுமி அவர். கதை ஒரு கிணற்றைப் பற்றியது. அகதி முகாமுக்குப் பக்கத்து வளவில் உள்ள கிணறு. முதல் மாதம் வளவுக்காரப் பெண் படலையைத் திறந்துவிட்டு, அள்ளிக்கொள்ளச் சொல்கிறாள். சட்டி சட்டியாகச் சோறும் ஆக்கிக் கொடுக்கிறாள். மூன்றாவது வருடம். நாற்பது குடும்பங்கள் அள்ளும் கிணறு அஸருக்கு முன்னரே கலங்கிவிடுகிறது. கோடையில் உவர் தட்டத் தொடங்குகிறது. ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அவள் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் சம்பவம்.

அந்த ஓர் இரவைக் கதை நான்கு இடங்களிலிருந்து பார்த்தது. வெற்று வாளியோடு திரும்பி வரும் சிறுமி. யாழ்ப்பாணத்தில் தன் சொந்த வளவுக் கிணற்றில் ஊருக்கே தண்ணீர் கொடுத்த அவளது உம்மம்மா. கழற்றிய கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உறக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் வளவுக்காரி. விடிந்தால் இரு தரப்பும் முறைப்பாட்டோடு வருமென்று தெரிந்து, இஷா முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசல் திண்ணையில் இருக்கும் நம்பிக்கையாளர்.

வாசித்து முடித்ததும் வளவாளர் சொன்னார்: “கதை நல்லம் தங்கச்சி. ஆனா பிரதான பாத்திரம் எங்க? நாலு பேர் நாலு பக்கம் இழுக்கிறாங்க. ஒராளப் பிடிங்க. அந்தச் சின்னப் பிள்ளையப் பிடிங்க. மத்தவங்க எல்லாம் துணைப் பாத்திரம்.”

அவர் அப்படியே திருத்தி எழுதினார். கதை ஒரு போட்டியில் பரிசு பெற்றது, பிரசுரமும் ஆனது. நானும் வாசித்தேன். கண் கலங்கவைக்கும் கதைதான். ஆனால், அதில் வளவுக்காரி என்று ஒருத்தி இல்லை. மூடிய படலையும், கயிற்றைக் கழற்றும் ஒரு கையும் மட்டுமே இருந்தன. பிறகு ஒரு நூல் வெளியீட்டில் அவரைக் கண்டபோது பாராட்டினேன். அவர் முகத்தில் சந்தோஷமில்லை.

“நானா, அந்த ராத்தாவ நான் கெட்டவளாக்கிப்போட்டன். அவ கெட்டவ இல்ல. எங்களுக்கு முதல் சோறு தந்ததே அவதான். கதையில அதுக்கு இடமில்லாமப் போச்சு” என்றார்.

இக்கட்டுரை அந்த ‘இடமில்லாமற் போனதை’ப் பற்றியது. ஒரு கதைக்கு ஒரு பிரதான பாத்திரம் இருந்தே ஆகவேண்டும் என்ற விதியை நாம் ஒரு தொழில்நுட்ப விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு தீர்ப்பு என்பது எனது வாதம். யாருக்கு உள்ளம் உண்டு, யாருக்கு வெறும் கை மட்டும் உண்டு என்று கதை எழுதப்படுவதற்கு முன்னரே வழங்கப்படும் தீர்ப்பு.

*

இந்த விதி எங்கிருந்து வந்தது?

தனக்கு நிகரில்லாத ஒரு தலைவனைக் கொண்டிருக்க வேண்டும் என்பது பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். காப்பியத்துக்கு அது பொருந்தும். உமறுப் புலவருக்கும் அது பொருந்தியது. சீறாப்புராணத்தின் தலைவர் யார் என்ற கேள்விக்கு அங்கு இடமேயில்லை. பிரச்சினை, அந்த இலக்கணம் சத்தமில்லாமல் உரைநடைக்குள்ளும் நடந்து வந்துவிட்டதுதான்.

தமிழின் முதல் நாவல்களின் பெயர்களைப் பாருங்கள். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம். 1885இல் நமது அறிஞர் சித்திலெவ்வை எழுதிய, ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அசன்பேயுடைய கதை. 1896இல் நூலாக வந்த கமலாம்பாள் சரித்திரம். எல்லாம் ஆட்களின் பெயர்கள். ஒருவர் பிறக்கிறார், துன்பப்படுகிறார், கரை சேர்கிறார். நாவல் என்ற புதிய பண்டத்தைப் பழைய காப்பியப் பாத்திரத்தில் பரிமாறிய காலம் அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு என்ன நடந்தது? 1966இல் சுந்தர ராமசாமி ஒரு புளியமரத்தின் கதையை எழுதினார். 1976இல் கி. ராஜநாராயணன் கோபல்ல கிராமம் எழுதினார். 1988இல் தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை வந்தது. 2004இல் சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை வந்தது. மரம், கிராமம், இன்னொரு கிராமம், இராப்பொழுது. ஆட்களின் பெயர் அட்டையிலிருந்து இறங்கிவிட்டது. தனியொருவரின் சரித்திரத்துக்குள் அடங்காத ஒன்றைச் சொல்ல வந்த எழுத்தாளர்கள் தமிழில் அதற்கான வழியை எப்போதோ வெட்டிவிட்டார்கள். நமது பட்டறைகள் இன்னும் 1879இல் நிற்கின்றன.

‘கடலோர கிராமத்தில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிதானே பிரதான பாத்திரம்?’ என்று கேட்பார்கள். அவர் பெரிய பாத்திரம், மறுக்கவில்லை. ஆனால், அந்த முதலாளியின் அதிகாரம் எப்படிப்பட்டது என்று நமக்கு எதன் மூலம் தெரிகிறது? அதைச் சுமக்கும் ஊரின் முதுகுகள் மூலம் தெரிகிறது. அவருக்கு அடங்க மறுக்கும் மஹ்மூதின் மூலம் தெரிகிறது. அவரது சொந்த வீட்டுப் பெண்களின் மௌனத்தின் மூலம் தெரிகிறது. இவர்களையெல்லாம் துணைப் பாத்திரங்கள் என்று ஓரங்கட்டிவிட்டால் மிஞ்சுவது கௌரவம் பிடித்த ஒரு பணக்காரக் கிழவரின் வீழ்ச்சி மட்டுமே. அந்த நாவல் அதற்காக எழுதப்படவில்லை.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். அகப்பாடல்களில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஒரு பெண் தன் காதலனோடு ஊரைவிட்டுப் போகிறாள், உடன்போக்கு. அந்த ஒரு சம்பவத்தைத் தலைவி சொல்வாள், தோழி சொல்வாள், வளர்த்த செவிலி சொல்வாள், பெற்ற தாய் சொல்வாள், வழியில் கண்டவர்களும் சொல்வார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அது ஒவ்வொரு சம்பவம். செவிலியைத் துணைப் பாத்திரம் என்று அந்தக் கவிஞர்கள் நினைத்திருந்தால், மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கும் அந்தத் தாய்மாரின் குரல் நமக்குக் கிடைத்திருக்காது. காப்பியத்தின் ஒற்றைத் தலைவன் நமது மரபு என்றால் இந்தப் பல குரல்களும் நமது மரபுதான். இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் ‘இலக்கணம்’ என்று பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது ஏன்?

காரணம் எளியது. பாடசாலையில் ‘இக்கதையின் பிரதான பாத்திரத்தின் குணவியல்புகளை விளக்குக’ என்ற வினாவுக்கு விடை எழுதிப் புள்ளி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். வினாத்தாளுக்கு வசதியான ஒன்று மெல்ல மெல்லக் கதைக்கு அவசியமான ஒன்றாக மாறிவிட்டது.

*

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைப் பார்ப்போம். ‘நாவலில் எத்தனை பேரையும் வைக்கலாம், அங்கு இடம் இருக்கிறது. சிறுகதை சிறியது. வாசகன் பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டும். நாலு கைகளை நீட்டினால் அவன் எதையும் பற்றமாட்டான்’ என்கிறார்கள்.

இது யோசிக்க வேண்டிய வாதம். ஆனால், சிறுகதையைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த அயர்லாந்து எழுத்தாளர் பிராங்க் ஓ’கொனர் அறுபதுகளின் தொடக்கத்தில் இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொன்னார். நாயகன் என்பவன் நாவலுக்கு உரியவன். சிறுகதை எப்போதும் சமூகத்தின் ஓரத்தில் அமுக்கப்பட்ட மக்கள் கூட்டங்களின் வடிவமாகவே இருந்து வந்திருக்கிறது என்று அவர் வாதிட்டார். அவரும் பெரும்பாலும் தனிமனிதரின் தனிமையைத்தான் பேசினார் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால், சிறியது என்பதால் அதற்கு ஒரு நாயகன் தேவை என்ற கணக்கு அவரிடம் இல்லை.

கணக்கை விடுவோம். ஒரு படைப்பையே எடுத்துக்கொள்வோம். பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1963இல் வெளியிட்ட ‘சூரியனின் கீழ் மனிதர்கள்’ சிறிய நூல். ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். பஸ்றாவிலிருந்து குவைத்துக்குக் களவாகப் போக விரும்பும் மூன்று பலஸ்தீனர்கள், அவர்களை வெற்றுத் தண்ணீர் பவுசருக்குள் ஒளித்துக்கொண்டு போகும் சாரதி. முதியவர் அபூ கைஸ் தன் மகனின் படிப்புக்காகவும், இழந்த ஒலிவ மரங்களுக்குப் பதிலாகச் சில கன்றுகளாவது நடுவதற்காகவும் போகிறார். அஸத், ஏற்கனவே ஒரு கடத்தல்காரனிடம் ஏமாந்து பாலைவனத்தில் கைவிடப்பட்டவன். மகளைக் கட்டிக்கொடுக்கும் நோக்கத்தோடு மாமா கொடுத்த காசோடு போகிறான். மர்வான் பதினாறு வயதுப் பையன். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய மூத்த சகோதரன் கல்யாணம் முடித்துக்கொண்டு அனுப்புவதை நிறுத்திவிட்டான், வாப்பாவோ உம்மாவைத் தலாக் சொல்லிவிட்டு, கூரை போட்ட வீடு உள்ள இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். சாரதி அபுல் கைசுரான் 1948 யுத்தத்தில் தன் ஆண்மையை இழந்தவன். இப்போது அவனுக்குக் காசு மட்டும்தான் குறி. எல்லைச் சாவடியில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் அதிகாரிகள், அவனுக்கு ஒரு நடனக்காரியோடு தொடர்பு இருப்பதாகப் பகிடி பண்ணிக் கையொப்பமிடத் தாமதிக்கிறார்கள். வெளியே வெயிலில் பவுசருக்குள் மூவரும் வெந்து இறக்கிறார்கள்.

பிரதான பாத்திரம் யார்? நமது வளவாளர் இந்தப் பிரதியைக் கண்டிருந்தால் ‘அந்தச் சின்னப் பையனப் பிடிங்க’ என்றிருப்பார். மர்வானை மட்டும் பிடித்திருந்தால் நமக்குக் கிடைப்பது ஒரு துரதிர்ஷ்டசாலிப் பையனின் சோகம். ‘பாவம்’ என்று சொல்லிப் புத்தகத்தை மூடலாம். மூன்று வயதுக்காரர்கள், மூன்று வேறு காரணங்கள், ஒரே இரும்புத் தொட்டி என்று வரும்போது அது துரதிர்ஷ்டமாக இருக்க முடியாது. ஒரு மக்கள் கூட்டத்தின் முதுமையும் இளமையும் பிள்ளைப்பருவமும் ஒன்றாக அடைக்கப்பட்டிருக்கின்றன. சாரதிக்கும் ஓர் உள்ளத்தைக் கொடுத்ததால் அவனைக் கொலைகாரன் என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. இறந்தவர்களின் பைகளைத் துழாவிய அதே மனிதன்தான், ஏன் தட்டவில்லை என்று கேட்டுக் கதறுகிறான்.

வாசகன் பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டும் என்றார்களே, இங்கு அவன் எதைப் பற்றிக்கொள்கிறான்? அந்தப் பவுசரை. அதன் சூட்டை. எல்லைச் சாவடியில் கழியும் நிமிடங்களை. கதைக்குப் பாரம் வேண்டும், சந்தேகமில்லை. ஒரே பாரம் பலர் தலையில் வெவ்வேறு கனத்தோடு இறங்குவதாகவும் கதை இருக்கலாம். புத்தளத்துச் சகோதரியின் கதையில் கிணற்றுக் கயிறு அந்த வேலையைச் செய்தது. நான்கு பேரையும் அது கட்டித்தான் வைத்திருந்தது. நாலு பேர் நாலு பக்கம் இழுத்தார்கள் என்றால், ஒரே கயிற்றை இழுத்தார்கள்.

*

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிரதான பாத்திரம், கதைசொல்லி, நோக்குநிலை ஆகிய மூன்றையும் நமது விமர்சகர்கள் ஒன்றாகப் போட்டுக் குழைக்கிறார்கள்.

நஜீப் மஹ்ஃபூஸின் ‘மிராமார்’ 1967இல் வெளிவந்தது. அலெக்ஸாந்திரியாவில் ஒரு விடுதி. அங்கு வேலைக்கு வந்து சேரும் ஸஹ்ரா என்ற கிராமத்துப் பெண். நாவலை அங்கு தங்கியிருக்கும் நான்கு ஆண்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள். நால்வரும் அவளைப் பார்க்கிறார்கள், விரும்புகிறார்கள், இரங்குகிறார்கள், ஏமாற்றுகிறார்கள். ஸஹ்ராவுக்கு மட்டும் சொல்லும் வாய்ப்பு இல்லை. எல்லாக் கதைகளின் நடுவிலும் அவள்தான் நிற்கிறாள். ஆனால், அவளுக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. புரட்சிக்குப் பிந்திய எகிப்தில் யார் பேசினார்கள், யார் பேசப்பட்டார்கள் என்பதை மஹ்ஃபூஸ் வடிவத்தின் மூலமே சொல்லிவிட்டார். ‘பிரதான பாத்திரம் எங்கே?’ என்ற கேள்வியை இந்த நாவலிடம் கேட்டால், நடுவில் நிற்பவளைக் காட்டுவதா, பேசுபவர்களைக் காட்டுவதா என்று தெரியாமல் கேள்வியே தடுமாறும். நல்ல படைப்பு பல நேரங்களில் நமது கேள்வியைத்தான் திருத்துகிறது.

*

இனி எனது உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

இந்த விதியை வேறு யார் வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம். நாம் ஏற்கக்கூடாது. ஏனெனில், நாம் எல்லோருடைய கதையிலும் துணைப் பாத்திரமாக இருந்து பார்த்தவர்கள்.

இந்த நாட்டின் யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ கதைகளில் முஸ்லிம் ஒருவன் வருகிறான். கடைக்கார முதலாளியாக, மாட்டு வியாபாரியாக, காட்டிக்கொடுப்பவனாக, அல்லது மிக நல்ல மனது கொண்ட எழுத்தாளரென்றால் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பும் அயலவனாக. வருவான், ஒரு வேலையைச் செய்வான், போய்விடுவான். இரவில் அவன் எதை நினைத்து விழித்திருந்தான் என்று அந்தக் கதைகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையுமில்லை. அவன் பிரதான பாத்திரமில்லையே! 1990 ஒக்டோபரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நமது மக்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டார்கள். பல கதைகளில் அது பெயரில்லாத ஒரு வாக்கியமாகக் கடந்துபோனது. அந்த அனுபவம் உள்ள நாம், பேனை நம் கைக்கு வந்ததும் இன்னொருவரை அதே படலைக்கு வெளியே நிறுத்துவதா?

ஒருவரைப் பிடிக்காமல் கூட்டத்தைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கோபல்ல கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் மகத்தான படைப்புகளில் ஒன்று. ஒரு தனி நாயகனில்லாமல் ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் நடக்க வைத்த எழுத்து. ஆனால், அந்த மக்கள் ஏன் தங்கள் மண்ணை விட்டு ஓடுகிறார்கள்? தங்கள் பெண்ணை விரும்பிய ஒரு துலுக்க ராஜாவிடமிருந்து தப்ப. அந்த ராஜாவுக்கு முகமில்லை. அது அந்த மக்களின் வாய்மொழி நினைவு; கி.ரா. அதை உள்ளபடி பதிவு செய்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று சுருங்குகிறது. ‘நாம்’ என்ற கூட்டமே நாயகனாகும்போது, ‘அவர்கள்’ என்ற கூட்டம் முகமிழக்கிறது.

இதைச் சொல்வது கி.ரா.வைக் குறை கூற அல்ல. நம்மை நாம் பார்த்துக்கொள்ள. ஏனெனில், நமது எழுத்தில் இப்போது நடப்பது இதுதான். தனிமனித நாயகனை இறக்கிவிட்டு, அந்தக் கதிரையில் சமூகத்தை ஏற்றியிருக்கிறோம். குற்றமே செய்யாத, துன்பம் மட்டுமே அனுபவிக்கும், எப்போதும் நியாயம் பக்கமே நிற்கும் சமூகம். தன்னேரில்லாத் தலைவனேதான், உடுப்பு மட்டும் மாறியிருக்கிறது.

2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் கொரோனாவால் இறந்த நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாட்களே ஆன குழந்தையும் எரிக்கப்பட்டது. அதைப் பற்றி நம்மிடம் எத்தனையோ கதைகள் வந்துவிட்டன. அநேகமானவற்றில் ஒரு சமூகம் அழுகிறது. ஓர் அரசு எரிக்கிறது. உண்மைதான். ஆனால், பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் பிற சமயத்தவர்களும் இருந்தார்களே, அவர்கள் எங்கே? பின்னர் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்து, ஓட்டமாவடி மஜ்மா நகரில் மண் தோண்டப்பட்டபோது அங்கு அடக்கப்பட்டவர்கள் நம்மவர்கள் மட்டுமில்லையே, அந்தக் கப்றுகள் எங்கே? உத்தரவுக்குக் கீழே கையொப்பமிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாமல் இருந்த ஒரு சிறிய உத்தியோகத்தர் எங்காவது இருந்திருக்க மாட்டாரா? பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் பதவியைப் பார்த்துக்கொண்ட நம்மவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? இவர்களுக்கெல்லாம் கதையில் இடம் கொடுத்தால் நமது துயரம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். குறையாது. பல பக்கங்களிலிருந்து பார்க்கப்பட்ட அநியாயம் கூடுதலாகவே தெரியும். கனஃபானியின் பவுசருக்குள் இறந்தவர்களின் துயரம், சாரதிக்கு உள்ளம் இருந்ததால் ஓர் இம்மியும் குறையவில்லை.

*

அப்படியானால் நாலு பேரை வைத்து எழுதிய கதையெல்லாம் நல்ல கதையா? இல்லை. மறுபக்கத்தில் நிற்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை.

மையத்தைச் சிதைத்தல், ஒற்றைக் குரலை மறுத்தல் என்றெல்லாம் ஒரு காலம் நமது சஞ்சிகைகளில் பெரும் ஆரவாரம் இருந்தது. அந்த ஆரவாரத்தில் எழுதப்பட்ட பல கதைகள் வகுப்பு வரவு இடாப்பைப் போலிருந்தன. பெயர் கூப்பிடப்படும், ‘வந்திருக்கிறேன்’ என்று ஒரு குரல் கேட்கும், அடுத்த பெயர். எல்லாக் குரலும் எழுத்தாளரின் குரலாகவே இருக்கும். மீன் விற்கும் பெண்ணும் மௌலவியும் பேராசிரியரும் ஒரே மொழியில், ஒரே கோட்பாட்டைப் பேசுவார்கள். மையத்தைச் சிதைத்தவர்கள் தங்களை மட்டும் மையத்தில் வைத்துக்கொண்டார்கள். வளவாளர்கள் பயந்துபோய்ப் பழைய விதியை இறுகப் பிடித்ததற்கு இந்தக் கதைகளும் ஒரு காரணம்.

பலரை எழுதுவது ஒருவரை எழுதுவதைவிடக் கடினம். ஒவ்வொருவருக்கும் அந்தச் சம்பவத்தில் இழக்க ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது மற்றவர் இழப்பதாக இருக்கக்கூடாது. சிறுமிக்கு இழப்பு ஒரு வாளித் தண்ணீர். உம்மம்மாவுக்கு, கொடுத்த கை ஏந்தும் கையாகிப் போனது. வளவுக்காரிக்கு, தன்னைப் பற்றித் தானே வைத்திருந்த நல்லெண்ணம். நம்பிக்கையாளருக்கு, இரு பக்கமும் சலாம் சொல்லக்கூடியவராக இருந்த நிலை. இந்த நான்கில் எதை நீக்கினாலும் கதை குறைபடும் என்றால் நால்வரும் தேவை. ஒருவரை நீக்கியும் கதை குறைபடவில்லையென்றால் தயங்காமல் நீக்கிவிடலாம். வளவாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘இவர்களில் யார் இல்லாவிட்டால் உங்கள் கதை பொய்யாகும்?’

ஒரே ஒருவரைப் பின்தொடரும் கதை தாழ்ந்தது என்றும் எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். தனியறையில் ஒருவர் தன்னோடு நடத்தும் போராட்டத்துக்கு இன்னொருவர் தேவையில்லை. அந்தக் கதைக்கு அவர் ஒருவர் போதும். அதற்கும் நான் கேட்பது அதே கேள்விதான். அவர் மட்டும் இருப்பதால் கதை உண்மையாகிறதா, இல்லை, அவர் மட்டும் இருப்பதால் இன்னொருவர் வெறும் கையாகிப் போகிறாரா?

ஆகவே, போட்டி நடத்துவோரிடமும் பட்டறை நடத்துவோரிடமும், ஏன், இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் புள்ளித் திட்டத்தில் ‘பிரதான பாத்திர வார்ப்பு’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். அந்தப் புள்ளிகளை, கதையில் மிகக் குறைந்த நேரம் வந்துபோகும் ஆளுக்கு எழுத்தாளர் என்ன நீதி செய்திருக்கிறார் என்பதற்குக் கொடுங்கள். நமது எழுத்து எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம்.

அந்தச் சகோதரி தன் தொகுதியை வெளியிடும் முயற்சியில் இருப்பதாக அறிந்தேன். எந்தக் கதையைச் சேர்ப்பது, பரிசு பெற்றதையா பட்டறையில் வாசித்ததையா என்று என்னிடம் கேட்டார். பரிசு பெற்றதைத்தான் எல்லோருக்கும் தெரியும் என்றும் சொன்னார். பட்டறையில் வாசித்ததைச் சேருங்கள் என்றேன். அந்த வளவுக்காரி ராத்தா இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறாராம். அவர் கதை வாசிப்பவரில்லை. ஆனால், யாராவது ஒருநாள் அவருக்கு அதை வாசித்துக் காட்டக்கூடும். அப்போது அந்தக் கயிறு அவருடைய மடியில் இருக்க வேண்டும்.